உச்சிக்கு மேலே ஒரு வார்த்தை

"சிகரத்துக்கு மேல என்னக்கா இருக்கு?"

பாலமுருகன் இப்படிக் கேட்டதும் நான் கீபோர்டில் கையை வைத்தபடியே அண்ணாந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே லாட்ஜின் முதல் மாடி. யாரோ இரும்பு வாளியைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

"ஃபேனைக் கேக்கலக்கா. வார்த்தையைக் கேட்டேன். அந்தாளுக்குச் 'சிகரமே'ன்னு போட்டுக் குடுத்திருக்கீங்களாம்ல. எனக்கு அதுக்கு மேல ஒண்ணு வேணும்."

'அந்தாளு' என்பது வேறு யாருமில்லை, அவர் கூடப்பிறந்த அண்ணன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். அந்தக் கடையை ஆரம்பித்தது தனிக் கதை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு எம்.ஏ. தமிழ்ப் பட்டம். இதில் முதல் இரண்டை மட்டும் தினமும் துடைத்து வைப்பேன்.

கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. எதுவானாலும் எழுத்துக் கோத்து டிரேசிங் பேப்பரில் எடுத்துக் கொடுப்பேன். அச்சகத்தில் கொடுத்துச் சுவரொட்டியாக அடித்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் ஒரு விசேஷம் நடந்ததற்கு அத்தாட்சி சுவர்தான். மறுநாளே மாடு வந்து பசையோடு சேர்த்துத் தின்றுவிடும். அதனால் என்ன, ஊர் பார்த்தாயிற்றே!

பெயருக்கு முன்னால்

சுவரொட்டியில் மற்றதெல்லாம் எளிது. பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதில்தான் பாதி நாள் போகும். 'அன்பு அண்ணன்' என்று ஒரு காலத்தில் போட்டார்கள். பிறகு 'பாசத்தின் இருப்பிடமே' வந்தது. அதற்குப் பிறகு ஊரே உயரத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒரு தெருவில் ஒருவருக்கு 'மலையே' என்று அடித்தால், அடுத்த மாதம் அதே தெருவிலிருந்து 'இமயமே' கேட்டு ஒருவர் வருவார். அவர் வாசற்படியில் சறுக்காமல் ஏறினாலே பெரிய விஷயமாக இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறேன். மதுரையைச் சுற்றி இருப்பதெல்லாம் படுத்த மலைகள். கிழக்கே யானை படுத்திருக்கிறது, மேற்கே நாகம் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. கூர்மையாக நிமிர்ந்து நிற்கும் மலையை எங்கள் ஊர்க்காரர்கள் பஸ் ஏறிப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆனால் சுவரில் மட்டும் படுத்த மலைக்கு இடமே கிடையாது.

பாலமுருகனின் அண்ணன் ராமையா போன வாரம்தான் வந்து போயிருந்தார். திருமங்கலத்தில் பருத்தி வியாபாரம். வெள்ளை வேட்டி, சட்டைக் காலரில் எப்போதும் ஒரு துணுக்குப் பஞ்சு. பேரையூரில் கட்டிக்கொடுத்த தங்கை செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டு போகிறார், அதற்குச் சுவரொட்டி.

"சும்மா 'தாய்மாமன்'னு மட்டும் போட்ராதம்மா. ஒசரமா ஒண்ணு போடு" என்றார். 'சிகரமே' போட்டேன். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். உச்சி குளிர்ந்துவிட்டது.

இப்போது தம்பி வந்து நிற்கிறார், அந்தக் காதுகுத்துக்கே தன் சீருக்கும் ஒரு சுவரொட்டி கேட்டு. அதே திருமங்கலத்தில் கேபிள் டிவி நடத்துகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா விட்டுப்போன வீடு இருந்தது. அதைப் பிரித்துச் சுவர் எழுப்பிய நாளிலிருந்து பேச்சு இல்லை. அண்ணன் வீட்டு கேபிள் அடிக்கடி அறுந்துபோகும் என்றும், தம்பி வாசலில் பஞ்சு மூட்டை லாரி நிற்கும் என்றும் கேள்வி.

"சிகரத்தின் உச்சியேன்னு போடலாம்" என்றேன்.

பாலமுருகனுக்கு முகம் மலர்ந்தது. "அப்ப அந்தாளு சிகரம். நான் அதும்மேல ஏறி நிக்கிறேன்."

"ஆமா தம்பி. நல்லாப் பிடிச்சுக்கோங்க."

எல்லாம் தலைமுடி சமாசாரம்

செய்தி ராமையாவுக்கு எட்ட ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார்.

"உச்சிக்கு மேல என்னம்மா?"

"உச்சிக்கு மேல ஒண்ணுமில்லண்ணே. ஒண்ணுமில்லேங்கிற எடத்துக்குத்தான் உச்சின்னு பேரு."

"அதெப்படி? எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கும்மா."

அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் காலை நேரத்தில் பருத்தி வியாபாரியும் நானும் தமிழில் இருக்கிற உயரமெல்லாம் ஏறி இறங்கினோம்.

'முடி' என்றேன். மலையின் தலைக்கும் முடிதான், ராஜாவின் கிரீடத்துக்கும் முடிதான். "சீப்பால வாருறதும் அதானே?" என்றார். ஆமாம். போதாததற்கு, 'தீர்த்துக் கட்டு' என்றும் அதற்குப் பொருள் உண்டு. 'முடியே வருக' என்று அடித்தால் வரவேற்பா, மொட்டை போடுகிற இடமா என்று சந்தேகம் வரும். அவருக்கு முன்னந்தலை முழுக்க வழுக்கை வேறு. விட்டுவிட்டோம்.

'குடுமி' பழைய தமிழில் மலையுச்சிதான். "எவன் குடுமியை எவன் புடிக்கன்னு கேப்பாய்ங்க" என்று தள்ளிவிட்டார். 'சென்னி' என்றால் தலை, அதிலிருந்து மலைத்தலை. "சென்னைன்னு அடிக்கத் தெரியாம அடிச்சிருக்கான்னு சொல்வாய்ங்க." அதுவும் சரிதான். 'முகடு' மலைக்கும் உண்டு, வீட்டுக் கூரைக்கும் உண்டு. வேலையில்லாதவன் படுத்துக்கொண்டு பார்ப்பது முகட்டைத்தான். 'நுனி' மெலிந்துபோனது. 'உச்சாணி' என்றால் கொம்பு தானாகக் கூடவே வந்துவிடும்.

சிகரமும் சிகையும் வடமொழியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அங்கேயும் தலைமயிர்தான். உச்சியைக் கேட்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு உச்சி எடுத்துத்தானே சீவுகிறோம்! உச்சி நம் சொல் என்று ஒரு கட்சி, வடமொழி 'உச்ச'த்திலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. அந்த வழக்கு முடிகிற மாதிரி இல்லை.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். முதன்முதலில் பேர் வைத்தவன் மலையைப் பார்ப்பதற்கு முன்னால் எதிரில் நின்றவனின் தலையைப் பார்த்திருக்கிறான். அதிலிருந்து எடுத்துத்தான் மலைக்கு வைத்திருக்கிறான். உயரம் என்றால் அவனுக்கு மனிதத் தலைதான்.

"ஒங்க பாஷையில ஒண்ணும் இல்லியாம்மா?" என்று கேட்டார் ராமையா. நான் சௌராஷ்டிராக்காரி. வீட்டில் பேசுவது வேறு மொழி, வாசலைத் தாண்டினால் தமிழ்.

"நாங்க தறியில உக்காந்த ஆளுகண்ணே. குனிஞ்சே பழக்கம். இம்புட்டு ஒசரம் எங்களுக்குத் தேவைப்படல."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். "ஏண்ணே, உங்க பேரே போதாதா? அதுக்கு முன்னால எதுக்கு மலையும் சிகரமும்?"

ராமையா காலரில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து விரலில் உருட்டினார்.

"எங்கப்பா பேரு ராசமாணிக்கம். அடுத்தவன் காட்டுல பருத்தி எடுத்தே காலம் போச்சு. அந்தப் பேரை முழுசாச் சொல்லி எவனும் கூப்பிட்டதில்லம்மா. 'ஏலேய்'தான். கூலி வாங்கப் போனாலும் மேட்டுல ஏற விடமாட்டாய்ங்க, பள்ளத்துல நின்னுதான் கைய நீட்டணும். இன்னைக்கு அதே பஜார் சுவத்துல அவரு மகன் பேரு ஏறுது. கொஞ்சம் ஒசரமாத்தான் ஏறட்டுமே."

நான் அகராதியை மூடி வைத்தேன். படித்தவளின் கிண்டல் இருக்கிறதே, அது மேட்டில் நின்று பார்க்கிறவர்களுக்கு வருவது. அன்றைக்கு அது எனக்குக் கொஞ்சம் கசந்தது.

"யோசிச்சு வைக்கிறேண்ணே. சாயங்காலம் வாங்க" என்றேன்.

செல்வி

சாயங்காலத்துக்கு முன்னால் செல்வி வந்துவிட்டாள். பேரையூரிலிருந்து திருமங்கலம் வந்து பஸ் மாறி, பிறகு டவுன் பஸ் பிடித்து, வியர்த்து வழிந்தபடி. கையில் மகள் கார்த்திகா. ஐந்து வயதிருக்கும். காதில் குத்தின அடையாளமே இல்லை.

"அக்கா, போஸ்டர் அடிக்கிற அக்கா நீங்கதான?" என்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பாப்பாவுக்குக் காது குத்த நான் நாள் குறிக்கிறது இது மூணாந் தடவை. தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். பெரியண்ணன் மடியிலயா, சின்னண்ணன் மடியிலயான்னு ரெண்டு தடவையும் வந்த எடத்துல சண்டை. ஒரு தடவை சீர்த்தட்டு தெருவுல கெடந்துச்சு. எங்க மாமியா சொல்லுது, தாய்மாமன் ரெண்டு இருந்தும் மூளிக்காதோட திரியிற புள்ளை எம்பேத்தி ஒருத்திதான்னு."

கார்த்திகா பிரிண்டரின் பச்சை விளக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன செய்யணும் செல்வி?"

"ரெண்டு பேருக்கும் சமமாப் போட்ருங்க. ஒருத்தருக்கு மேல, ஒருத்தருக்குக் கீழன்னு போட்டீங்கன்னா பந்தல்ல பத்திக்கும்."

"ஒரே வார்த்தையைப் போட்டா ரெண்டு பேரும் ஒத்துக்க மாட்டாங்களே."

"வேற வார்த்தையாப் போடுங்க. சமமா மட்டும் இருக்கட்டும். நீங்க தமிழு படிச்சவங்கதானக்கா?"

எம்.ஏ. முடித்த பிறகு என் தமிழை நம்பி ஒருவர் வேலை கொடுத்தது அன்றைக்குத்தான்.

கொடுமுடி

பாலமுருகனைக் கூப்பிட்டு அனுப்பினேன். 'சிகரத்தின் உச்சி' வேண்டாம், அதில் பாதி சொல் உங்கள் அண்ணனுடையது என்றேன். அது அவருக்கு உடனே உறைத்தது. 'கொடுமுடி' என்று திரையில் பெரிதாக அடித்துக் காட்டினேன்.

"இது ஈரோட்டுப் பக்கம் ஊருல்ல?"

"ஊருக்கே வச்சிருக்காங்கன்னா எம்புட்டு நல்ல பேரு பாருங்க."

"சிகரத்தை விட ஒசரமாக்கா?"

"சிகரம் வடக்கேயிருந்து வந்த சொல். கொடுமுடி நம்ம சொல். எது ஒசத்தின்னு நீங்களே சொல்லுங்க தம்பி."

நான் பொய் சொல்லவில்லை. கேள்விக்குக் கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். பாலமுருகன் நெஞ்சை நிமிர்த்தி, "நம்ம சொல்லுதான்" என்றார்.

சாயங்காலம் ராமையா வந்தார். தம்பிக்கு என்ன போட்டிருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.

"கொடுமுடி."

"கொடுமையா?"

"இல்லண்ணே, கொடுன்னா..."

கொடு என்றால் வளைவு, நேராக இல்லாத கோல்தான் கொடுங்கோல், வளைந்து உயர்ந்த முடி கொடுமுடி என்று நான் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கொடுமை! அவனுக்குப் பொருத்தமாத்தாம்மா போட்டிருக்க. எனக்குச் சிகரமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அன்றைக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

பந்தல்

செல்வி கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால் பேரையூருக்குப் போனேன். கோயிலுக்கு முன்னால் பந்தல். நுழைவாயிலில் வலது தூணில் 'சிகரமே வருக', இடது தூணில் 'கொடுமுடியே வருக'. இரண்டு சீர்வரிசைகளும் இரண்டு திசையிலிருந்து இரண்டு மேளத்தோடு வந்தன. அண்ணன் வலப்பக்க நாற்காலியில், தம்பி இடப்பக்க நாற்காலியில். நடுவில் ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்தது. அதில் உட்காரப்போவது யார் என்று பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஆசாரி தங்கக் கம்பியை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பழைய சண்டைகளைப் பார்த்தவர் போலும், செருப்பைக் கழற்றவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும். மைக்கை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்திருக்கக் கூடாது.

"பந்தலின் இரு தூண்களையும் பார்த்தேன், பரவசமானேன்!" என்று ஆரம்பித்தார். "ஒரு தூணிலே சிகரம். மறு தூணிலே கொடுமுடி. பெரியோர்களே, சிகரம் என்றாலும் கொடுமுடி என்றாலும் பொருள் ஒன்றே! ஒரு முழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை! மாமன்மார் இருவரும் சமம் என்று சொல்லாமல் சொல்லிய அந்தப் புலமைக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள்!"

கைத்தட்டல் கிடைத்தது. நான் நாற்காலியில் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தேன்.

"அந்தப் புலவர் யாரோ?" என்றார் ஆசிரியர்.

செல்வியின் மாமியார் எழுந்து, "இந்தா, செவப்புச் சேலை" என்று கையை நீட்டிக் காட்டினார்.

வலப்பக்கத்திலிருந்து ராமையா எழுந்தார். இடப்பக்கத்திலிருந்து பாலமுருகன் எழுந்தார். பந்தலில் பாதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். இருவரும் நேராக என்னை நோக்கி வந்தார்கள். வந்து ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றார்கள்.

"ஏம்மா, படிச்ச பொம்பளைதான நீ? ஒரே சரக்கை ரெண்டு பேர்ல வித்திருக்கியே?" என்றார் ராமையா.

"எனக்குக்கூடப் பரவால்லக்கா. எங்கண்ணன் மனுசன் எம்புட்டு நம்பி ஒங்க கடைக்கு வந்தாரு!" என்றார் பாலமுருகன்.

எங்கண்ணன்!

அவர் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. செல்விக்குக் கேட்டது. அவள் ஒரு கணம்தான் நின்றாள். பிறகு அந்தப் பெஞ்சை ஒரு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் பின்னால் போட்டாள்.

"உக்காந்து பேசுங்கண்ணே. நின்னா பின்னாடி இருக்கவங்களுக்கு மறைக்குது."

கோபத்தில் இருந்தவர்கள் யோசிக்காமல் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தும் என்னை விடவில்லை. "எங்க ரெண்டு பேரையும் பாத்தா கேனப்பயலுக மாதிரியா இருக்கு?" என்று அண்ணன் கேட்க, "அதானே, நல்லாக் கேளுண்ணே" என்று தம்பி எடுத்துக் கொடுத்தார். அதற்குள் செல்வி கார்த்திகாவைத் தூக்கி இரண்டு பேர் மடியிலும் சேர்த்துக் கிடத்திவிட்டாள். ஆசாரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவரும் விவரமான ஆள்.

பிள்ளை வீறிட்டது. திட்டு பாதியில் நின்றது. ராமையா குனிந்து அவள் உச்சந்தலையைத் தடவினார். பாலமுருகன் காதில் ஊதினார். "அம்புட்டுதான்டா தங்கம், முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இன்னொரு காதும் குத்தியாயிற்று. எந்தக் காது முதலில், யார் மடியில் தலை இருந்தது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்து அதற்கு ஒரு சண்டை நடந்ததாம். ஆனால் ஒரே வீட்டில், ஒரே டிவிக்கு முன்னால் உட்கார்ந்துதான் சண்டை.

பந்தியில் என் இலைப் பக்கம் அண்ணனும் வரவில்லை, தம்பியும் வரவில்லை. சேர்ந்தே வரவில்லை. செல்விதான் பாயசத்தை ஊற்றிவிட்டு, குனிந்து, "நன்றிக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஏலக்காய் தூக்கலாக இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

கொஞ்சம் மேலே

அண்ணன் தம்பி ஒற்றுமையானால் ஊருக்கு நல்லது. எனக்கு நல்லதாக அமையவில்லை. இரண்டு வாடிக்கையாளர்களும் ஒரே நாளில் போனார்கள். போனதோடு விடவில்லை. ஃப்ளெக்ஸ் வந்த புதிதில் இரண்டு பேரும் கூட்டாக மெஷின் வாங்கித் திருமங்கலத்தில் கடை போட்டார்கள். தங்கள் பெயரைத் தாங்களே எவ்வளவு உயரத்திலும் ஏற்றிக்கொள்ளலாம், யாரையும் நம்ப வேண்டியதில்லை பாருங்கள். சுவரொட்டிக் காலம் மெல்ல ஓய்ந்தது. நான் கடையை மூடிவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கப் போனேன்.

சில வருஷம் கழித்து என் அக்கா மகனுக்குக் கல்யாணம். மண்டபத்து வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்றான் மாப்பிள்ளை. எந்தக் கடை என்று விசாரித்ததில் கடைசியில் அவர்கள் கடையிலேயே போய் நின்றேன். உள்ளே மேஜையில் அண்ணனும் தம்பியும் ஒரே டிபன் கேரியரிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராமையா என்னைப் பார்த்ததும் தம்பியின் பக்கம் திரும்பி, "மாப்ள, யாரு வந்திருக்கான்னு பாரு" என்றார். தம்பியை மாப்ள என்று கூப்பிடும் அளவுக்குப் போயிருந்தது உறவு. அவ்வளவுதான், பழைய கோபம் மோர்க்குழம்போடு போய்விட்டது.

கம்ப்யூட்டருக்கு முன்னால் செல்வி. கடையை நடத்துவதே அவள்தானாம்.

"இப்பல்லாம் பேருக்கு முன்னால என்ன செல்வி போடுறீங்க?" என்று ஆவலாகக் கேட்டேன். எனக்கே தெரியாத புதுச் சொல் ஏதாவது வந்திருக்கும் என்று நினைப்பு.

"வார்த்தையை யாருக்கா படிக்கிறாங்க? 'எம் படத்தைப் பெருசாப் போடு, அவன் படத்தைச் சின்னதாப் போடு', அம்புட்டுதான் கேக்குறாங்க. எழுத்துக்கு எடமே இல்ல."

முடியும் குடுமியும் சென்னியும் முகடும் அந்த ஒரு பதிலில் வேலையிழந்துபோயின.

அவள் எங்கள் குடும்பத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் வைத்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில். சுற்றிலும் அத்தைகள், மாமாக்கள். வரிசையின் கடைசியில், வலது மூலையில், வாழை மரப் படத்துக்குக் கீழே நான்.

"ஒங்க படம் இம்புட்டுப் பெருசு போதுமாக்கா?"

"போதும் செல்வி. எனக்கெதுக்கு? நான் சும்மா சித்திதானே" என்றேன்.

சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் போனேன். செருப்பை மாட்டினேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, யாருக்கும் கேட்காதபடி அவள் காதோரம் குனிந்தேன்.

"பெருசாக்க வேணாம். அப்படியே இருக்கட்டும். கொஞ்சம் மேலே மட்டும் தூக்கி வையேன்."